நூற்றெழுபதில் நின்ற முள்

சங்க மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டவர் எங்கள் மெக்கானிக் சங்கத்தின் செயலாளர் தனசேகர். "உங்க சர்வீஸ்ல நடந்த நல்ல விஷயமா நாலு எழுதுங்க சார். படிக்கிறவங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கணும்" என்றார். அவர் இதைச் சொன்னது அடையாற்றில் உள்ள அவருடைய பட்டறையில், எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு. அதே நேரத்தில் பத்தடி தள்ளி ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய மெக்கானிக் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். டெம்பரேச்சர் மீட்டருக்குப் போகும் ஒயரை வெட்டி, நடுவில் மின்சாரத்தைக் குறைக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகி, டேப் சுற்றினார். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "முள்ளு மேல மேல போவுதுன்னு கஸ்டமருக்கு டென்ஷன் சார். இனிமே நடுவுலயே நிக்கும்" என்று சிரித்தார். தனசேகரும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். என்ன கோபமோ என்று தனசேகர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார். இதோ எழுதுகிறேன். உற்சாகமாக இருக்காது.

நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரன். என் தகப்பனார் பித்தளைப் பட்டறையில் வேலை செய்தவர். பற்றவைக்கும் வேலை அவரிடமிருந்து வந்தது. மற்றதெல்லாம் மயிலாப்பூரில், லஸ்ஸுக்குப் பின்னால் இருந்த ஒரு மோட்டார் ஒர்க் ஷாப்பில் கற்றேன். நாலு வருடம் கிரீஸ் துடைத்தேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், திட்டு வாங்கினேன். அதில் எழுத ஒன்றும் இல்லை. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி மறு வருடம் என்னை மெக்கானிக் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு.

அங்கே போர்மேன் நாயுடு. முழுப்பெயர் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளை டிரில் கோட்டு போட்டிருப்பார். அந்தக் கோட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டு நான் பார்த்ததில்லை. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "மூணாவது சிலிண்டர், வால்வு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில் வால்வுதான் கெட்டிருக்கும். யாரையும் அதட்டமாட்டார். நாம் ஏதாவது மறுத்துப் பேசினால், கையில் வைத்திருக்கும் பஞ்சுக் கழிவால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். துடைத்து முடித்ததும் தான் முதலில் சொன்னதையே மறுபடி சொல்வார். ஒருமுறை சொன்ன சொல்லை அவர் மாற்றிக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. நாங்கள் அதை ஒரு பெருமையாக வெளியில் சொல்லிக்கொண்டு திரிந்தோம். வேலை தெரியாத ஆள் என்றால் நான் இவ்வளவு வருடம் இந்தக் கோபத்தைச் சுமந்திருக்க மாட்டேன். அவருக்கு எல்லாம் தெரியும்.

அந்தக் காலத்து டெம்பரேச்சர் மீட்டருக்கு ஒயர் கிடையாது. மீட்டரின் முதுகிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்று என்ஜின் வரை போகும். அதன் முனையில் விரல் பருமனுக்கு ஒரு குமிழ். குமிழுக்குள் ஈதர். என்ஜினில் ஓடும் தண்ணீர் சூடாக ஆக ஈதர் ஆவியாகிக் குழாய் வழியே அழுத்தும், முள் ஏறும். பாரன்ஹீட் கணக்கில் நூற்றெழுபதில் நின்றால் வண்டி சுகமாக இருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் போனால் தண்ணீர் கொதிக்கிறது. அந்தச் செம்புக் குழாய் எங்காவது விரிசல் விட்டால் ஈதர் பறந்துவிடும், முள் கீழே படுத்துவிடும். யுத்த காலத்தில் புது மீட்டர் எங்கே கிடைக்கும்? சீமையிலிருந்து கப்பலே வரவில்லை.

இதற்கு நாயுடு கண்டுபிடித்த வைத்தியம், முள்ளை ஒட்டுவது. கண்ணாடியைக் கழற்றி, முள்ளை நூற்றெழுபதில் நிறுத்தி, அடியில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஒரு சொட்டு. கண்ணாடியைத் திரும்பப் பூட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. வேலைச் சீட்டில் "மீட்டர் சரி செய்யப்பட்டது" என்று எழுதுவோம். செத்த மீட்டருக்குத்தானே செய்கிறோம், யாருக்கு என்ன நஷ்டம் என்று முதலில் நினைத்தோம். பிறகு அதுவே பழக்கமாகிப் போனது. மீட்டரைப் பற்றி யார் எந்தப் புகார் கொண்டுவந்தாலும் அரக்குக் குப்பியைத்தான் கை தேடியது. மயிலாப்பூரில் பாதி வண்டிகள் நூற்றெழுபதில் நிற்கின்றன என்று மத்தியானச் சாப்பாட்டின்போது சொல்லிச் சிரிப்போம். அதில் என் சிரிப்பும் உண்டு.

மயிலாப்பூர் டாக்டர் ஒருவரின் வண்டி எங்களிடம்தான் வரும். அடையாற்றிலும் மாம்பலத்திலும் அவருக்கு நோயாளிகள். டாக்டர் என்பதால் பெட்ரோல் ரேஷன் கூப்பன் கொஞ்சம் தாராளம், வண்டி நாள் முழுக்க ஓடும். அதை ஓட்டியவர் காதர் பாய். ராயப்பேட்டைக்காரர், அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினோரு வருடமாக அதே வண்டி. காலையில் எடுக்கும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்து, விரலை நெற்றியில் தொட்டுக்கொண்டுதான் சீட்டில் ஏறுவார்.

ஒருநாள் காலை வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏகாம்பரம், முள்ளு ஏறிக்கினே போவுது நைனா. அடையாறு பாலம் தாண்டினா கடைசிக் கோடு வரைக்கும் போய்டுது. வண்டியும் நல்லா கொதிக்கிது. கால் வெச்சா பலகை சுடுது. வெறும் மீட்டர்னு நெனைக்காத."

"பாத்துடறேன் பாய். சாயந்திரம் வா" என்றேன்.

குமிழைக் கழற்றினேன். கரி அடுப்பில் தண்ணீர் வைத்து, அதில் குமிழையும் ஒரு தெர்மாமீட்டரையும் சேர்த்துத் தொங்கவிட்டேன். தெர்மாமீட்டர் நூற்றைம்பது காட்டியபோது முள்ளும் நூற்றைம்பது. கொதித்தபோது சரியாக இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரு முடி அளவுகூடப் பிசகில்லை. அந்த யுத்த காலத்தில் நான் கையில் எடுத்ததிலேயே நல்ல மீட்டர் அதுதான். ஆக, காதர் பாய் சொன்னது சரி. மீட்டர் உண்மையைச் சொல்கிறது, என்ஜின்தான் சூடாகிறது.

பிறகு வண்டியை ஓடவிட்டு ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். மேலே கை வைக்க முடியவில்லை. கீழ்ப் பாதியில், வலது பக்கம் முழுவதும் சில்லென்று இருந்தது. அங்கே தண்ணீர் போகவே இல்லை என்று அர்த்தம். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குழாய்களெல்லாம் அடைத்துப் போயிருந்தன. கழற்றி, சோடா போட்டுக் கழுவி, கம்பியால் குத்தி அடைப்பு எடுத்து, ஒழுகும் இடத்தைப் பற்றவைத்துத் திரும்ப மாட்ட நாலு நாள் ஆகும். பற்றவைக்கிற வேலையை நானே செய்துவிடுவேன். சந்தோஷமாக நாயுடுவிடம் போய்ச் சொன்னேன். கண்டுபிடித்துவிட்ட கர்வம் வேறு.

அவர் பஞ்சுக் கழிவை எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"டாக்டர் போன்ல கேட்டாருப்பா. மீட்டர்தான், சாயந்திரம் நாலு மணிக்கு வண்டி ரெடின்னு சொல்லிட்டேன்."

"மீட்டர் நல்லாக்கீது சார். ரேடியேட்டர்தான் அடைச்சிக்கினுகீது. கை வெச்சிப் பாருங்க."

அவர் வந்தார். கையை வைத்தார். சூடான இடத்தில் வைத்தார், குளிர்ந்த இடத்திலும் வைத்தார். அந்தக் கை பொய் சொல்லாத கை. அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. மறுபடி விரல்களைத் துடைத்தார்.

"மீட்டர்தான். ஒட்டிடு. மழை வந்துச்சுன்னா வண்டி தானா குளிர்ந்துடும். ரேடியேட்டர அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்."

அப்போது பங்குனி. மழைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

ஒட்டினேன். அதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் செத்த மீட்டரை ஒட்டுவதைவிட உயிருள்ள மீட்டரை ஒட்டுவது கஷ்டமான வேலை. குமிழை வெந்நீரில் வைத்து, முள் தானாக நூற்றெழுபதுக்கு ஏறும் வரை காத்திருந்து, சரியாக அந்த இடத்தில் அரக்கு வைத்தேன். வெந்நீரை விட்டு எடுத்ததும் முள் கீழே இறங்கப் பார்த்தது, துடித்தது. இன்னொரு சொட்டு வைத்தேன். நின்றுவிட்டது.

நாலு மணிக்குக் காதர் பாய் வந்தார். "இன்னா நைனா, இன்னாதான் கோளாறு?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், "சரியாப் போச்சு பாய், எடுத்துக்கினு போ" என்று சாவியைக் கொடுத்தேன். அவர் என்னை நம்பினார். போகும்போது தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், அடையாற்றிலிருந்து திரும்பும் வழியில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. என்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் விரிசல், இரண்டு பிஸ்டன் உருகிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. வண்டியை மாடு கட்டி இழுத்து வந்தார்கள். பின்னாலேயே ஜட்கா வண்டியில் டாக்டரும் காதர் பாயும் வந்து இறங்கினார்கள்.

டாக்டர் கொதித்துக்கொண்டிருந்தார். "பதினோரு வருஷமா ஆத்து மனுஷனாட்டம் வெச்சிண்டிருந்தேன், நாயுடு. தண்ணி பாக்கக்கூடத் துப்பில்லாம என்ஜினைக் கொன்னுட்டான்!"

"சாமி, காலைல தண்ணி பாத்துதான் எடுத்தேன்" என்றார் காதர் பாய். "பாலத்தாண்டயே வண்டில நாத்தம் வந்துச்சு. நிறுத்தறேன்னு சொன்னேன். நீங்கதான் மீட்டரப் பாத்துட்டு, நடுவுலதானே நிக்குது, ஓட்டுன்னு சொன்னீங்க."

டாக்டரின் முகம் சிவந்தது. "மீட்டர் சரியா இருந்தா நான் வேற என்னத்தச் சொல்றது? ஏன் நாயுடு, மீட்டரைப் பாத்தேளா இல்லையா?"

நாயுடு விரல்களைத் துடைத்தார். என்னைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி, அமைதியாகக் கேட்டார்.

"ஏகாம்பரம், நீ இந்த மீட்டர வெந்நீர்ல வெச்சி டெஸ்ட் பண்ணியா?"

"பண்ணேன் சார்."

"கரெக்டா காட்டிச்சா?"

"காட்டிச்சு சார்."

"போய் வேலையப் பாரு."

இரண்டு கேள்வி, இரண்டும் உண்மையான பதில். மீட்டர் சரி என்றால், தண்ணீரே இல்லாமல் குமிழ் காய்ந்து கிடந்ததால்தான் முள் ஏறவில்லை, தண்ணீர் பார்க்காதது டிரைவர் குற்றம் என்று ஆகிவிடும். ஒரு பொய்கூடச் சொல்லவைக்காமல் ஒரு மனுஷனை என் வாயாலேயே முடித்தார். எனக்கு மூன்றாவதாக ஒரு வாக்கியம் இருந்தது. "அப்புறம் முள்ளை ஒட்டிட்டேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? காதர் பாய் அதற்காகத்தான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிப் போய் யாருடைய வண்டிக்கோ சக்கரம் கழற்றினேன். இன்றைக்கும் நாயுடுமேல் கோபம் வரும்போதெல்லாம் அது அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அவர் என் வாயை ஒன்றும் பொத்தவில்லை.

டாக்டர் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், காதர் பாயை வேலையை விட்டு நிறுத்தினார். சாவியை வாங்கிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் டிரைவர்களுக்குச் சோறு போட்டது லைசென்ஸ் அல்ல, முன்னால் வேலை பார்த்த வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் சர்டிபிகேட். தகரக் குழாயில் சுருட்டி, நகையைப் போலப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அது இல்லாமல் எந்த பங்களாவிலும் கேட்டைத் தாண்ட முடியாது. காதர் பாய் நாலு வீட்டில் கேட்டுப் பார்த்தார். நாலு வீட்டிலும் டாக்டரைத் தெரியும்.

ஐந்தாறு நாள் போனது. என்ஜினைப் பிரித்தபோது அந்த மீட்டரைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் வீட்டுக்குப் போனேன். கொதிக்கிற தண்ணீர் ஒரு பாத்திரத்தில் வேண்டும் என்று கேட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். இருந்தாலும் அவருடைய மனைவி கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். குமிழை அதில் போட்டேன். தண்ணீர் கொதகொதவென்று ஆவி விட்டது, முள் நூற்றெழுபதில் அப்படியே நின்றது. பிறகு கண்ணாடியைக் கழற்றி, குண்டூசியால் அரக்கைச் சுரண்டினேன். முள் விடுபட்டு ஒரே தாவலில் இருநூற்றுக்கு மேலே போய் நின்றது.

"ஒட்டினது நான்தான் சார். காதர் பாய்மேல தப்பு இல்ல" என்றேன்.

டாக்டர் மீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தார். புத்திசாலி மனிதர், விளக்கம் கேட்கவில்லை. "சரி, நடந்தது நடந்துடுத்து. புது டிரைவர் வந்தாச்சு. காதருக்கு ஒரு சர்டிபிகேட் வேணா எழுதித் தரேன்" என்றார். எழுதினார். பதினோரு வருடம் வேலை பார்த்தான், நாணயமானவன், குடிப்பழக்கம் இல்லாதவன். அவ்வளவுதான். என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று கேட்டேன். "நான் ஓட்டச் சொன்னேன்னு எழுதணுமா?" என்று கேட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவர் நாயுடுவிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நாயுடு தானே பக்கத்தில் நின்று அந்த என்ஜினைக் கட்டிக் கொடுத்தார். ரேடியேட்டரும் புதிதுபோல ஆயிற்று. இரண்டு பெரிய மனிதர்களும் முன்பைவிட மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனேன். காதர் பாய் வீட்டு வாசலில் நின்றே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னா எழுதிக்கீறாரு, படி" என்றார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

"வண்டி என்னால கெடலைன்னு கீதா?"

"இல்ல பாய்."

"அதானே எல்லாரும் கேக்கறாங்க. நாணயத்த யாரு கேட்டாங்க?" என்று தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "நீ எழுதிக் குடு நைனா. ஒட்டினவன் நீதானே. நாலு வரி போதும். கீழ கையெழுத்து போடு. அத்த வெச்சிக்கினு நான் பொழச்சிக்கறேன்."

"நாளைக்கு எழுதிக்கினு வரேன் பாய்" என்றேன்.

எழுதவில்லை. என் கைப்பட அப்படி ஒரு தாள் வெளியே உலவினால் மவுண்ட் ரோடில் ஒரு ஒர்க் ஷாப்பும் என்னைச் சேர்க்காது என்று கணக்குப் போட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அப்புறம் ராயப்பேட்டைப் பக்கம் போவதையே விட்டேன். இரண்டு மாதத்தில் நாயுடுவின் ஒர்க் ஷாப்பை விட்டு வேறு இடம் மாறினேன். நாயுடு பல வருடம் கழித்து மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். எனக்கும் அழைப்புப் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை.

யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு, ஒருநாள் தியாகராய நகரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரில் ஒரு பங்களா. போர்ட்டிகோவில் நின்ற வண்டியை ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார். டிரைவர் வேறு ஒருவன், சின்ன வயசுக்காரன், பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டு இங்கே துடை, அங்கே துடை என்று சொல்லிக்கொண்டிருந்தான். துடைத்தவர் துணியைப் பிழிய கேட்டுக்கு வந்தார். காதர் பாய். தாடி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"எழுதிட்டியா நைனா?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. ஏதோ நேற்றுச் சொல்லிவிட்டுப் போனவனைக் கேட்பதுபோலக் கேட்டார். பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். அது நான் போகவேண்டிய பஸ்கூட இல்லை.

தனசேகர், உங்கள் மெக்கானிக்கிடம் அந்த ரெசிஸ்டரைப் பிடுங்கி எறியச் சொல்லுங்கள். அந்த வண்டியை ஓட்டுகிற ஆள் யார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நாளைக்கு என்ஜின் போனால் அவனைத்தான் கேட்பார்கள். மலரில் இடம் இல்லை என்றால் மேலே எழுதியதை எல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள், என் போட்டோவும் வேண்டாம். கீழே உள்ளதை மட்டும் ஒரு எழுத்து விடாமல் போடுங்கள். காதர் பாய் இன்று இருக்கமாட்டார். அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் யாராவது இதே தொழிலில் இருக்கலாம்.

சம்பந்தப்பட்ட அனைவருக்கும்.

ராயப்பேட்டை காதர் பாய் என்னும் டிரைவர் மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் பதினோரு வருடம் வண்டி ஓட்டினார். தண்ணீர் பார்க்காமல் அவர் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. வண்டி சூடாகிறது என்று முதலில் சொன்னவர் அவரே. அந்த என்ஜின் போனது அவரால் அல்ல. மீட்டர் முள்ளை அரக்கு வைத்து ஒட்டி, சரியாகிவிட்டது என்று பொய் சொல்லி, அவரிடம் சாவியைக் கொடுத்தவன் நான்.

இப்படிக்கு,
ஏகாம்பரம், மெக்கானிக்.